கவர்னரின் கதிரை

"கவர்னரை எழுப்பிப்போட்டு அம்மாவை இருத்திப்போட்டன், அக்கா!"

டென்மார்க்கின் ஓகூஸ் நகர ட்ராமில் எனக்கு முன்னால் இருந்த சகோதரிகள் இருவரில் தங்கைக்காரி இப்படிச் சொன்னதும் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அவள் மடியில் பெரிய மட்டை ஒன்று. டெனிஷ்காரர் தரங்கம்பாடியை ஆண்ட காலத்துப் பழைய படத்தின் பிரதியில், கதிரையில் இருந்த கவர்னரை வெட்டி ஓரத்தில் நிற்கிற மாதிரி ஒட்டிவிட்டு, கதிரையில் போனில் எடுத்த அம்மாவின் படத்தை ஒட்டியிருந்தாள்.

"ஐயோ, மீன் பக்டரி ஏப்ரனோடயோ?"

"ஓம்! அதிலதான் அவவுக்கு எடுப்பு."

"நாளைக்கு லைப்ரரிக் கண்காட்சியில சனமெல்லாம் பார்க்கப்போகுது. அம்மாட்டக் கேட்டனியோ?"

"இப்பத்தான் அனுப்பினனான். வேண்டாமெண்டா கழட்டத்தான் வேணும். பொறு, பொறு, பார்த்திட்டா!"

அம்மாவின் குரற்பதிவு ட்ராம் பெட்டி முழுக்கக் கேட்டது.

"பிள்ளை, படத்தில நான் நல்லா விழுந்திருக்கிறன். ஆனா எங்கட ஆக்களிட்ட வந்த மனுசனை நிக்க வைச்சிட்டு நான் இருக்கிறதோ? அவருக்கும் ஒரு கதிரை போடு."

தங்கைக்காரி துள்ளி எழும்பினாள்.

"அக்கா, எங்கட பல்கனியில அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரை கிடக்குதெல்லோ? அதை உடனே ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லி அம்மாட்டச் சொல்லு, கவர்னருக்கு ஒட்டுவம்!"