மருந்துக்கு அடங்காத இருபது பேர்

படிவம் நிரப்புவது எனக்குப் பிடிக்கும். வெளியில் சொன்னால் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார்கள் என்பதால் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் என் முன் வைத்திருக்கும் இந்த வாக்குமூலத் தாள்கூட நல்ல தாள்தான். என்ன, 'தொழில்' என்ற கட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம். வலிப்பு நோய் மருத்துவமனையில் ஆராய்ச்சி நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுகிறவன் என்பதை அந்த அரை அங்குலத்துக்குள் அடைக்க முடியாது. என் அம்மாவே அக்கம்பக்கத்தில் "ஆஸ்பத்திரியில ஏதோ எழுதற வேல" என்றுதான் சொல்லிவைத்திருக்கிறார். மருத்துவமனையில் என் பெயர் யாருக்கும் நினைவில்லை. அங்கே நான் 'விண்ணப்பம்'. "விண்ணப்பம் டீ குடிக்கப் போயிருக்கு" என்பார்கள். அஃறிணையில் சொல்வதை நான் மனதில் வைத்துக்கொண்டதில்லை.

பதினோரு வருடத்தில் ஒன்பது விண்ணப்பம் எழுதினேன். ஒன்பதும் திரும்பி வந்தன. மறுப்புக் கடிதங்கள் எல்லாம் மரியாதையாகவே இருக்கும். வாசல்வரை கூடவே வந்து, கை குலுக்கி, பிறகு கதவைச் சாத்துகிற மாதிரி. பத்தாவதுதான் முதல் சுற்றில் தேறியது. அது கூட்டு ஆராய்ச்சிக்கான நிதி. மூன்று மருத்துவமனைகள் சேர்ந்து கேட்க வேண்டும். ஒவ்வொன்றும் இருபது நோயாளிகளைக் காட்ட வேண்டும். இரண்டு வகை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் மாதத்துக்கு நான்கு வலிப்பாவது வருகிறவர்களாக அவர்கள் இருக்க வேண்டும். எங்கள் பாஷையில் 'மருந்துக்கு அடங்காதவர்கள்'. அதற்குச் சான்றாக இரண்டு மாத வலிப்புக் குறிப்பேடு. ஒரு இடத்தில் ஒரு ஆள் குறைந்தாலும் மூன்று இடத்து விண்ணப்பமும் செல்லாது. மூன்று பேர் காலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓடுகிற பந்தயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பட்டியலில் இருபதாவது ஆள் ஒரு தையல்காரப் பெண். கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. அதை நான் 'வாலு' என்று கூப்பிடுவேன். அது என்னை 'பிஸ்கட் மாமா' என்று கூப்பிடும், காரணம் வெளிப்படை. தையல்காரப் பெண்ணுக்கு மாதம் ஆறு, ஏழு வலிப்பு வரும். பட்டியலுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டாள் என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்ததில் தப்பில்லை. அது என் வேலை.

குறிப்பேடு தொடங்கிய பதினோராம் நாள் அவள் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணா, இதுவரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான். நேத்து இவள நானே குளிப்பாட்டுனேன். கதவுகிட்ட யாரும் நிக்கல."

டாக்டரம்மா அவளைவிட அதிகமாகச் சிரித்தார். "புது மாத்திரை பிடிச்சிருச்சும்மா. இப்படியே போனா உங்கள இந்தப் பட்டியல்லேருந்தே தூக்கிடலாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "விண்ணப்பம், வேற ஒரு ஆளப் பாத்துக்கோங்க" என்றார்.

பார்த்தேன். வேறு ஆள் இல்லை. நல்ல சேதி வந்த அறையில் முகம் வாடிய ஒரே பிறவி நான்தான். அதற்காக அன்று வெட்கப்பட்டேன் என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

சனிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு மாத்திரைப் பெட்டி நிரப்பித் தருவது என் வழக்கம். ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறை, ஒவ்வொன்றிலும் காலை, மாலை. மருந்தாளுநர் அட்டை அட்டையாக எடுத்துக் கொடுப்பார். நான் ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் பெட்டியில் போடுவேன். சம்பளத்துக்குச் செய்யும் வேலை இல்லை அது. மறதிக்காரர்கள் பாவம் என்று ஐந்து வருடம் முன்பு நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. எனக்கு மனது கொஞ்சம் இளகினது. பூனை நொண்டினால்கூட என்னால் பார்க்க முடியாது.

அந்தப் புது மாத்திரையை வைத்து முன்பு எங்களிடம் ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. பார்வைக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். சோதனை முடிந்ததும் மிஞ்சிய வெறும் மாத்திரையை அழித்துவிட வேண்டும். அழித்ததாக நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் எதையும் தூக்கிப் போட மனம் வராத பிறவி நான். மூன்று டப்பாக்கள் என் மேசையின் அடி இழுப்பறையில் இருந்தன.

பழைய மாத்திரையை நான் தொடவே இல்லை. புதியதை மட்டும் மாற்றினேன். மருந்தையே முழுதாக நிறுத்தினால் ஆபத்து என்று எனக்குத் தெரியும். பதினோரு வருடம் இதைப் பற்றித்தானே எழுதுகிறேன். அவளுக்கு மாதம் இரண்டு வலிப்பு வந்திருக்கும், நான்காகும். அதாவது இரண்டு கூடுதல். அந்தப் பக்கம் அறுபது பேர், அவர்களுக்குப் பின்னால் ஆயிரமாயிரம் பேர். இரண்டு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும், அவளுக்கும் மருந்து திரும்பக் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். தராசில் வைத்துப் பாருங்கள். நான் வைத்துப் பார்த்தேன்.

முதல் மாதம் சரியாக நான்கு வந்தது.

நான் எதிர்பாராதது ஒன்றே ஒன்று. வீட்டில் சந்தேகம் புகுந்துகொண்டது. நன்றாகக் குறைந்துகொண்டிருந்தது ஏன் மறுபடி ஏற வேண்டும் என்று அந்த லிஃப்ட்காரர் யோசித்தார். யோசிக்கிற தொழில், பழுது என்றால் எங்கோ ஒரு காரணம் இருந்தாக வேண்டும் அவருக்கு. குப்பைக் கூடையைக் கிளறினார். மெத்தைக்கு அடியில் பார்த்தார். தையல் இயந்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு என்னைத் தாழ்வாரத்தில் தனியாக ஓரங்கட்டினார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இவ மாத்திரைய முழுங்குறாளா, துப்புறாளான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு. போன மாசம் இத சாப்பிட்டா உடம்பு போடுதுன்னா."

"மறதி எல்லாருக்கும் வரும்ங்க" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அது பொய்யில்லை. மறதி எல்லோருக்கும் வரும்.

அடுத்த சனிக்கிழமை அவள் வந்தபோது சிரிப்பு இல்லை. "இப்பல்லாம் அவரே ஊட்டி விடறாருண்ணா. வாயத் தொறந்து காட்டணும், நாக்கத் தூக்கிக் காட்டணும். புள்ள பாத்து கைதட்டுறா. ஏதோ வெளையாட்டுன்னு நினைச்சுட்டா."

நானும் லேசாகச் சிரித்தேன். குழந்தைக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்தேன். பெட்டியை நிரப்பிக் கொடுத்தேன்.

இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் காலை, யாருக்கோ தைத்த சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. பெட்டி கவிழ்ந்து வலது உள்ளங்கை முழுவதும் வெந்துவிட்டது. குழந்தை பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தது. அதன் மேல் ஒன்றும் படவில்லை. அன்றைக்கே லிஃப்ட்காரர் குழந்தையைத் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார். "நான் ஊட்டியும் எப்படியோ ஏமாத்துற. நீ ஒழுங்கா மருந்து சாப்பிடுறதுன்னு ஆனதும் கூட்டிட்டு வரேன்" என்றாராம். அவள் இதைச் சொன்னதும் எழுந்து போனேன். முகம் கழுவிவிட்டு வந்துதான் குறிப்பேட்டில் தேதி போட்டேன். அந்த மாதத்தில் அது மூன்றாவது.

நான் எப்படி மாட்டிக்கொண்டேன் என்பது என் தொழிலைச் செய்கிறவர்களுக்கு மட்டும் சிரிப்பு வரவழைக்கும் சங்கதி. விண்ணப்பம் எழுதுகிறவன் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுவதில்லை. பழையதிலிருந்து நல்ல பத்தியாகப் பார்த்து வெட்டி ஒட்டுவான். ஆறாவது விண்ணப்பத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தேன்: நோயாளிகள் மருந்தை உண்மையிலேயே சாப்பிடுகிறார்களா என்று உறுதிசெய்ய, ஒரு மருத்துவமனையின் ரத்த மாதிரியை மற்றொரு மருத்துவமனை சோதிக்கும் என்று. விண்ணப்பத்தை மறுத்தவர்கள்கூட அந்தப் பத்தியை மெச்சியிருந்தார்கள். ஆகவே பத்தாவதிலும் அதை ஒட்டினேன். ஒட்டியதை மறந்தும் போனேன். சொன்னேனே, மறதி எல்லோருக்கும் வரும். ரத்த மாதிரிக் குப்பிகளை எடுத்துப் போக அடுத்த மருத்துவமனையிலிருந்து ஆள் வந்து நின்றபோதுதான் நினைவு வந்தது. நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் பத்தியால் கெட்டேன்.

போன சனிக்கிழமை மதியம் முடிவு வந்தது. டாக்டரம்மாவின் அறையில் அவர், தையல்காரப் பெண், கணவர், நான்.

"பழைய மாத்திரை ரத்தத்துல சரியா இருக்கு. புது மாத்திரை சுத்தமா இல்ல" என்றார் டாக்டரம்மா. "அத மட்டும் நிறுத்திட்டீங்களாம்மா? நான் திட்ட மாட்டேன். சொல்லுங்க."

அவள் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நிறுத்தல டாக்டர்" என்றாள். பிறகு, "நிறுத்துனேனான்னு எனக்கே தெரியல" என்றாள்.

"இல்ல டாக்டர், இவ நிறுத்தல." சொன்னது கணவர். அதைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது. "மூணு வாரமா நான்தான் குடுக்குறேன். ரெண்டு மாத்திரையும் என் கையால. நாக்குக்கு அடியில வரைக்கும் பாத்திருக்கேன். அப்ப பழுது இவகிட்ட இல்ல. மாத்திரையிலதான்."

பையிலிருந்து பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்தார். டாக்டரம்மா ஒரு மாத்திரையை எடுத்துக் கடித்தார். நிஜ மாத்திரை நாக்கையே சுருட்டிவிடும், அப்படி ஒரு கசப்பு. அவர் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். பிறகு இன்னொன்றை என்னிடம் நீட்டினார்.

"நீங்களும் கடிச்சுப் பாருங்க, விண்ணப்பம்."

கடித்தேன். "எனக்கு ரெண்டு நாளா ஜலதோஷம் டாக்டர். ருசியே தெரியல" என்றேன்.

அவர் பெட்டியைத் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டினார். அதுதான் இப்போது உங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது. பெண்ணுக்கு, பிரிக்காத ஒரு மருந்துப் பெட்டியிலிருந்து புது அட்டைகளைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை மறுபடி ரத்தம் எடுக்கலாம், விதிப்படி அதில் சரியாக இருந்தால் போதும், பட்டியலில் பெயர் நீடிக்கும் என்றும் சொன்னார். சந்தேகம் முதலில் மருந்தாளுநர் மேல்தான் விழுந்தது. அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மனிதர் தாழ்வாரத்தில் நின்று எல்லோரையும் ஒரு மாதிரி பார்த்தார். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். "உன் ஒருத்தனத் தவிர எவனும் எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசலடா" என்றார். அவர் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நானாக வந்தேன். ஆய்வக முடிவு நாளை வருகிறது என்பதற்காக வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை டாக்டரம்மா அறையிலிருந்து வெளியே போகும்போது கணவன் மனைவி இருவரும் படிக்கட்டில் நின்றார்கள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்கே புள்ளயக் கூட்டிட்டு வந்துடறேன்" என்றார். "எங்கக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன், தப்பு உம்மேல இல்லன்னு." வண்டி எடுக்க அவர் கீழே இறங்கிப் போனார். அவள் திரும்பி என்னிடம் வந்தாள்.

"அண்ணா, இந்தக் கையால அட்டைய பிதுக்க முடியல. இங்க இப்ப யார நம்புறதுன்னும் தெரியல. நீங்களே ஒரு பெட்டி நிரப்பிக் குடுத்துடுங்க."

நிரப்பிக் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை குழந்தையும் வீட்டுக்கு வந்துவிட்டது. லிஃப்ட்காரர் வழக்கம்போல் வேலைக்குப் போகிறார், இனிப் பயமில்லை என்று. நாக்கைத் தூக்கிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாராம்.

அந்தப் புதுப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். அதற்கு வருகிறேன். குறிப்பேடு நாளை, புதன்கிழமையோடு முடிகிறது. நான்குக்கு இன்னும் ஒரு வலிப்பு குறைகிறது. ரத்தம் எடுப்பது சனிக்கிழமை. ஆகவே புதன் வரைக்கும் மட்டும் வெறும் மாத்திரை போட்டிருக்கிறேன். வியாழக்கிழமையிலிருந்து எல்லாம் நிஜ மாத்திரைதான். அந்த அளவுக்குக் கல்நெஞ்சக்காரன் இல்லை நான்.