சோழவந்தானில் ஆறாம் பக்கம்

தலைவர் அவர்களே, மேடையில் இருக்கும் பெரியோர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் ஹாஜரா அம்மா அவர்களே, எங்கள் பள்ளி மாணவிகளே, சோழவந்தானிலிருந்து வந்திருக்கும் வெற்றிலைக் கொடிக்கால்காரர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இதே மேடையில் ஆவணியில் நான் பேசுவதாக இருந்தது. புத்தக வெளியீட்டில். முதல் நான்கு வரிகளை எழுதிக்கூட வைத்திருந்தேன். இன்று அதே மேடை. அதே நாற்காலிகள். ஆசிரியை பக்ருன்னிசா அம்மையார் இல்லை.

எட்டு நாளாகிறது. மணி அடித்தால் என் கால்கள் இன்னும் சரித்திர வகுப்புப் பக்கம் திரும்புகின்றன, அவர்களிடம் ஏதாவது கேட்க. எட்டு நாளாகிறது. நாற்பத்தாறு ஒரு வயதா?

இருபது வருஷம் இந்த நகரத்துப் பெண்களுக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவர்கள். விடுமுறை நாளில் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, ரயிலிலும் மாட்டு வண்டியிலும் மேற்கே போய், வைகைக் கரை ஊர்களின் வரலாற்றை எழுதியவர்கள். இது உங்களுக்குத் தெரியும். அவர்கள் வேலை செய்த விதம் எல்லோருக்கும் தெரியாது.

ஓர் ஊரைப் பற்றி எழுதி முடித்ததும் அந்த ஊருக்கே திரும்பிப் போவார்கள். ஜனங்களை உட்காரவைத்து முழுவதையும் உரக்கப் படிப்பார்கள். யாராவது மறுத்தால், அந்த மறுப்பைப் பெயரோடு தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்வார்கள். அதுவும் அச்சில் வரும். படித்துக் காட்டாத அத்தியாயம் அச்சுக்குப் போகாது.

வாடிப்பட்டிக்கு மேற்கே ஒரு சிற்றூர். நானும் கூடப் போயிருந்தேன். அந்த ஊர்க் கண்மாயை ஒரு பாளையக்காரர் வெட்டினார் என்று படித்தார்கள். செப்பேட்டில் அப்படித்தான் இருந்தது. ஒச்சாயி என்ற பெண், வயலுக்குப் போகிற வழியில் நின்று கேட்டவள், குறுக்கிட்டாள்.

"அவரு எங்கம்மா வெட்டுனாரு? வெட்டுனது எங்க ஆளுக. அவரு குதிரையில வந்து பாத்துட்டுப் போயிருப்பாரு."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அக்கா, அவர்களை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், சிரிக்கவில்லை. "ஒன் பேரென்ன தாயி?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். திரும்பும்போது வண்டியில், "செப்பேட்டுல அந்தக் குதிரை இல்ல, பாத்தியா?" என்றார்கள். பல்கலைக்கழகத்தில் எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

இனி நான் சொல்லப்போவது இரங்கல் கூட்டத்துக்குத் தகுமா என்று தெரியவில்லை. சொல்லாமல் இறங்க முடியாது.

கடைசி அத்தியாயம் சோழவந்தான். எழுதியாகிவிட்டது. படித்துக் காட்டவில்லை. "இந்த வெயில்ல வேணாம். ஆடிக் காத்து அடிக்கட்டும், போவோம்" என்று சொல்லி, பிரதி எடுக்க என்னிடம் தந்திருந்தார்கள். அச்சகத்தில் அப்துல் அலீம் பாய், யுத்தத்துக்கு முன் வாங்கிய காகிதம் இந்த மாதத்தோடு சரி என்றார். புத்தகம் நின்றுபோகும் என்று பயந்தேன். அவர்களைக் கேட்காமல் அந்த அத்தியாயத்தை அச்சுக்குக் கொடுத்தேன்.

திருத்தப் படிகள் வந்த அன்றுதான் சொன்னேன். தாளை வாங்கிப் பார்த்தார்கள்.

"பி.ஏ. படிச்ச புள்ளைக்கு ரயிலை விட அவசரம்" என்றார்கள். பிறகு, "அலீம் பாயை ரெண்டு நாள் நிறுத்தச் சொல்லு. நான் போய்ப் படிச்சிட்டு வாரேன்."

"வெயில், அக்கா."

"எனக்கு மட்டுமா அடிக்குது?"

மறுநாள் காலை வண்டியில் தனியாகப் போனார்கள். எனக்குத் திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்கள் இருந்தன.

வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் வீரணன் அண்ணன் இதோ முன் வரிசையில் இருக்கிறார். அவர் சொன்னது இது:

"கொடிக்கா நெழல்ல உக்காந்து ஆறு பக்கம் படிச்சாக. ஒரு எடத்துல, இது அப்பிடி இல்ல தாயின்னேன். இருங்க, எழுதிக்கிறேன்னு பென்சிலை எடுத்தாக. தண்ணி கேட்டாக. நான் செம்போட வாரேன், தலை சாஞ்சு போச்சு."

ஆறாம் பக்கத்து ஓரத்தில் பென்சில் எழுத்து. 'வீரணன் சொல்வது:' அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

எங்கே இருந்தாலும் அந்த இதயம் நின்றிருக்கும் என்கிறார் டாக்டர். இருக்கலாம். நான் அச்சுக்குக் கொடுக்காமல் இருந்திருந்தால் அவர்கள் ஆடியில்தான் போயிருப்பார்கள். இதை அவர்கள் தங்கை ஹாஜரா அம்மாவிடம் நேற்று வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் ஒன்று மட்டும் கேட்டார்: "புஸ்தகத்த என்ன செய்யப் போற?"

அதற்குப் பதில் சொல்லத்தான் நிற்கிறேன். இருப்பதை அப்படியே அச்சிட்டு நாற்பதாம் நாளில் வெளியிடலாம் என்று மேடையில் சிலர் சொன்னார்கள். அன்பினால் சொன்னார்கள். வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன். நான் ஒருத்தி செய்த தவற்றை இந்தச் சபை முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டாம். அலீம் பாயிடம் கேட்டுவிட்டேன். "கோத்த எழுத்த நான் பிரிக்கலம்மா. காகிதம் கெடைக்கிறப்ப கெடைக்கட்டும்" என்றார்.

கூட்டம் தொடங்குமுன் வீரணன் அண்ணனிடம், அன்று என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டேன்.

"இங்கன சொல்ல மாட்டேன். எங்க ஆளுக முன்னாடிதான படிச்சாக? அங்க வந்து படிங்க. எந்திரிச்சு நின்னு சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் போகிறேன். வருகிற மாணவிகள் வரலாம். அந்தப் பென்சிலை ஹாஜரா அம்மா என்னிடம் கொடுத்திருக்கிறார். ஏழாம் பக்கத்திலிருந்து தொடர்ந்தால் போதுமே என்றார் ஒருவர். முதல் பக்கத்திலிருந்து படிப்பேன். ஆறாம் பக்கத்தில் நிறுத்துவேன். வீரணன் அண்ணன் எழுந்திருக்கும்வரை காத்திருப்பேன்.