கதவு பொருத்துபவர் தேர்ந்த மகிழுந்து

குன்றத்தூரிலிருந்து ஒரகடம் செல்லும் பேருந்தில், ஒரே தொழிற்சாலையின் சீருடை அணிந்த இருவர் எனக்கு முன்னிருக்கையில் அமர்ந்திருந்தனர்.

"நம்ம கம்பெனி காரை மட்டும் வாங்கமாட்டேண்ணே," என்றார் இளையவர்.

"இன்னாடா, டெய்லி அதுக்கு டோர் மாட்டுறவனே நீதானே?"

"சர்வீசுக்குச் சென்னைக்குள்ள ஒன்றரை மணி நேரம் போகணும். இன்னொரு கம்பெனி சர்வீஸ் எங்க தெருமுனையிலயே இருக்கு. வாரம் மூணு நாள் அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறேன். வண்டி நடுவழியில நின்னா?"

"அந்த வண்டிய நம்ம கேட்டுக்குள்ள வுடமாட்டானுங்க."

"வெளிய வெயில்ல கெடக்கட்டும்."

"டேய், நம்ம வண்டி நிக்கவே நிக்காதுடா."

மூத்தவர் அளித்த உறுதியை இளையவர் சற்றே எண்ணிப்பார்த்தார்.

"கதவுக்கு நான் கேரண்டி தரேன். எஞ்சின் மாட்டுறது நீங்கல்லண்ணே."