மலைக்கு ஒருத்தி

— ஓங்கிக் குத்துடி அன்னம். கம்பு இன்னும் தவிடே விடல, அதுக்குள்ள நின்னு வேடிக்கை பாக்குற.

— குத்துறேன்க்கா. மனசு ஒப்பாம குத்துனா கையி எப்படி ஓங்கும்? நீ பாட்டுக்கு மூட்டையக் கட்டி வாசல்ல வச்சிட்ட. வழிச்சோத்துக்குக் கம்பையும் அளந்து போட்டுட்ட. யாரு மலைக்குப் போறதுன்னு நாம இன்னும் பேசவே இல்லையே.

— பேச என்ன கெடக்கு? பொதிமாடு ஓட்டுற சோணை நேத்து ஒன் காதுபடத்தானே சொன்னான்? ஆம்பளை மட்டும் மலையில கெடந்துட்டு எறங்கி எறங்கி வந்தா இனிமே செல்லாதாம். வீட்டுப் பொம்பள வந்து நெரந்தரமாக் குடியிருந்தாத்தான் அந்த ஏலக்காய்த் தோட்டம் நம்ம பேருக்குன்னு திருவாங்கூர் சர்க்கார் கச்சேரியில கண்டிசனாச் சொல்லிட்டாகளாம். வர்ற அமாவாசை தாண்டுனா வேற எவனுக்கோ குடுத்துருவாக. அதான் அந்த மனுசன், ரெண்டு பெஞ்சாதியில ஒருத்திய மலைக்கு அனுப்பு, ஒருத்தி இந்தச் சிலமலை ஊர்ல இருந்து காட்டையும் மாட்டையும் பாருன்னு ஆள் விட்டுருக்கு. நான் மூத்தவ. நான் போறேன். ஆச்சு.

— மூத்தவன்னா எல்லாத்துக்கும் முந்திக்கிறதா?

— பின்ன? என் கழுத்துல கட்டி ஆறு வருசம் கழிச்சுத்தானே ஒன் கழுத்துல கட்டுனாரு?

— சரிக்கா, நீ மூத்தவதான், நான் ஒண்ணும் இல்லேங்கல. அங்க போயி அப்படி என்னத்த வாழப்போற? அதச் சொல்லு.

— இங்க என்னத்த வாழ்ந்துட்டோம்? மானம் பாத்த காடு. மூணு வருசமா சோளத்தட்டை என் இடுப்புக்கு மேல வளந்துச்சா? பெரியாத்துல அணை கட்டுனான், கம்பத்துக்காரனுக்குப் பாயுது. நமக்கு அந்தத் தண்ணி வாடையாச்சும் வந்துச்சா? தாது வருசப் பஞ்சத்துல எங்காத்தா என்னைய இடுப்புல வச்சுக்கிட்டு கஞ்சித்தொட்டி கஞ்சித்தொட்டியா அலைஞ்சா. எனக்கு இன்னும் மறக்கல. ஏலமலையில பஞ்சம்னு எவனாச்சும் சொல்லிக் கேட்டிருக்கியா நீ?

— கேட்டதில்ல.

— கேக்கவும் மாட்ட. அங்கன குச்சிய வச்சுக் கிண்டுனா தண்ணி. அதுவும் போக, தாள்ல என் பேரும் எழுதுவாகளாம். இந்தூர்ல என் பேர எங்கடி எழுதியிருக்கு? மாட்டுக்குச் சூடு போட்டு வச்சாக, எனக்கு அதுவும் இல்ல.

— தண்ணி இருக்கும்க்கா. அதுக்குன்னு ஆறு மாசம் அடமழையில நிப்பியா? கட்டுன சீலை காயாதாம். செருப்புல காளான் பூக்குமாம்.

— எனக்கு ஏதுடி செருப்பு?

— அட்டை கடிக்கும். காலு வெரலு சந்துல போயி ஒக்காந்துக்கிட்டு ரத்தத்த உறிஞ்சுமாம்.

— சுண்ணாம்பத் தடவுனா விழுந்துட்டுப் போகுது. பதினோரு வருசமா ஒன்னையவே தாங்கிட்டேன், அட்டை எனக்கு எந்த மூலைக்கு?

— ஆத்தாடி! நான் உறிஞ்சுறேன்ல? சரி, ஆனை வந்தா சுண்ணாம்பத் தடவுவியா?

— போன மாசம் தேவாரத்துல நம்ம மக வீட்டுச் சோளத்த என்ன எலியா தின்னுச்சு? ஆனைக்கு இது இங்கிலீசுக்காரன் சீமை, அது மலையாள ராஜா சீமைன்னு தெரியுமா? அது இங்கயும் வரும், அங்கயும் வரும்.

— மலைக்காச்சல் இங்க வராதுல்ல? போன தடவை முந்தல் அடிவாரத்துல இருந்து மலை மெட்டேறுன மொக்கச்சாமி கூட்டத்துல மூணு பேரு திரும்பவே இல்ல. அவன் பெஞ்சாதி முனியாயி இன்னும் பித்துப் பிடிச்சவ மாதிரி வாசல்ல நிக்கிறா.

— காச்சலுக்குக் கொயினா மருந்து குடுக்கிறாகடி. வெள்ளைக்காரன் தோட்டத்துலயே வாங்கிக்கிறலாமாம்.

— வேப்பங்காயாக் கசக்குமாம்.

— ஒன் கையால வச்ச ரசத்தக் குடிச்சுப் பழகுன நாக்கு. எனக்கு எதுவும் கசக்காது.

— ம்க்கும். பாஷை?

— பாதிப்பேரு நம்ம ஆளுக. மீதிப்பேருக்கு நான் போடுற சத்தம் போதும், தன்னால புரியும்.

— பொகையிலைக்கு என்ன செய்வ?

— எது?

— மெட்டு மேல சுங்கச் சவுக்கையில காவக்காரன் மடியத் தடவிப் பாப்பானாம். அந்த ராஜா நாட்டுல பொகையிலைக்குத் தீர்வையாம்ல. இங்கருந்து ஒரு துண்டு கொண்டு போனாலும் பிடுங்கிப்புடுவானாம். சோணை சொன்னான். ஒன்கிட்ட வேணும்னே சொல்லாம விட்டிருக்கான். என்னக்கா, ஒலக்கை நின்னு போச்சு?

— காலையில இருந்து நீ பேசுனதுல இது ஒண்ணுதான்டி உருப்படியான சேதி. சரி போ. பொகையிலைய விட்டுர்றேன்.

— நீயா!

— நானேதான். சத்தியமா விட்டுர்றேன்.

— அப்ப எனக்கு நல்லாவே வெளங்கிருச்சு. பொகையிலைய விடுறேங்கிற அளவுக்கு வந்துட்டியே. ஒனக்குத் தண்ணியும் வேணாம், தாள்ல பேரும் வேணாம். அவுகளத் தனியா வச்சுக்கணும். அம்புட்டுத்தான்.

— ஏய், பாத்துக் குத்துடி! ஒலக்கை மேல ஒலக்கை முட்டுது. என்ன சொன்ன? அவரையா? அடி கூறுகெட்டவளே! அந்தக் குறட்டையோட சேத்து ஒனக்கே எழுதிக் குடுக்குறேன், வச்சுக்க.

— நெசமாவா?

— அந்தக் கம்பு மேல ஆணை.

— அப்பச் சரி. நீ இரு. நான் போறேன்.

— எங்க?

— மலைக்குத்தான். அவுகளும் ஒனக்கு வேணாம்னுட்ட. நான் எளையவ, குனிஞ்சு நிமிந்து காய் பறிக்க இடுப்புல வலு இருக்கு. பழுத்த காயாப் பாத்துக் கிள்ளணுமாமே, ஒனக்கு இப்பவே ஊசியில நூலு கோக்கக் கண்ணு தெரியல. மெட்டேறுறதுக்குள்ள முட்டியப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்துருவ.

— நீயா போற? வெளையாடாத. அட்டைடி அங்க, கொத்துக் கொத்தா.

— சுண்ணாம்பு இருக்கு.

— ஆனை வரும்டி!

— ஆனை தேவாரத்துக்கும்தான் வருது.

— மழையில நின்னா ஒனக்கு ரெண்டாம் நாளே சளி நெஞ்சக் கட்டும். காச்சல் வந்துச்சுன்னா என்ன பண்ணுவ?

— கொயினா குடிப்பேன். நீதானக்கா சொன்ன?

— நான் எனக்குச் சொன்னேன்டி! நான் போறது வேற, நீ போறது வேற.

— அதெப்படி வேற? மலை ஒண்ணுதான, மழை ஒண்ணுதான?

— வேறதான். ஒன் அத்தை மகன் கண்டிச் சீமைக்குப் போனானே, ஞாபகம் இருக்கா? ஒன்னையப் பேசி முடிச்சுட்டு, ஒரே வருசம், வந்து பரிசம் போடுறேன்னு சொல்லிட்டுப் போனான். வந்தானா? போடிச் சந்தைக்கு எவன் கப்பலேறிட்டு வந்தாலும் ஓடி ஓடிப் போயி அவனப் பாத்தீகளான்னு கேட்ட. மூணு வருசம் கேட்ட. அதுக்கு மேல தாங்காமத்தான், இந்தப் பிள்ளையையும் கட்டிக் கூட்டிட்டு வாங்கன்னு அந்த மனுசன நானே புடிச்சுத் தள்ளி விட்டேன். இப்ப நீ போயிட்டு, நான் மெட்டப் பாத்துக்கிட்டு, எறங்கி வர்றவன் போறவனையெல்லாம் எங்க அன்னத்தப் பாத்தீகளான்னு கேக்கணுமா? என்னால முடியாதுடி. முடியவே முடியாது. இப்ப எதுக்கு அழுகுற?

— இதத்தான்க்கா நான் விடிஞ்சதுல இருந்து சொல்லத் தெரியாம அட்டை, ஆனை, பொகையிலைன்னு ஒளறிக்கிட்டு இருக்கேன். அவுக வருசத்துல எட்டு மாசம் மலையில. எறங்குனா மாட்டுத்தாவணிச் சந்தை, திருவிழா, பங்காளி வழக்கு. என் முறை, ஒன் முறைன்னு நாம சண்டை போட்டதுதான் மிச்சம். பதினோரு வருசத்துல அவுக கூட நான் இருந்த நாளு ஒரு வருசம் தேறுமா? நான் ஒன்கூடத்தான்க்கா குடும்பம் நடத்துனேன்.

— அழுவாதடி. கம்புல விழுந்தா சோறு உப்புக் கரிக்கும்.

— கரிச்சாக் கரிக்கட்டும். நீ போயிட்டா என்னைய இந்த வீட்டுல யாரு வையிவா?

— நீ போனா நான் மட்டும் யார வைய? மாட்டையா? சுவத்தையா?

— அப்ப ரெண்டு பேரும் போக வேணாம்க்கா. மலை போனாப் போகுது.

— அது ஆகாது. இந்த மண்ண நம்பி இன்னொரு தாது வருசத்த என்னால பாக்க ஏலாது. ஒன்னையும் கஞ்சித்தொட்டியில நிறுத்த மாட்டேன். மலை வேணும்டி. விடமாட்டேன்.

— மலையும் வேணும், நாம பிரியவும் கூடாதுன்னா எப்படி?

— பேசாம இரு. யோசிக்கிறேன்.

— பெரியத்தே! சின்னத்தே! எந்தா தாமசம், ஏன் இம்புட்டு நேரம்? பொதி ஏத்தி மாடுக நிக்குது. வெயில் ஏறுறதுக்குள்ள முந்தல் தாண்டணும்.

— வாடா சோணை. ஒங்க மாமன் மலையில நல்லா இருக்காரா?

— நல்லாருக்காரு பெரியத்தே. அது நேத்தே சொல்லிட்டேன்ல? வெரசாச் சொல்லுங்க, யாரு வர்றீக?

— ரெண்டு பேரும் வர்றோம்.

— அக்கா!

— நீ சும்மா இருடி. ரெண்டு பேரும்தான்டா. இவ மூட்டையையும் கட்டச் சொல்லு.

— நல்ல கூத்தா இருக்கே! மாமா ஒருத்தியத்தானே கேட்டாரு? சின்னத்தே, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க. ரெண்டு பேரும் மெட்டேறிட்டா இங்க இந்தக் காட்ட உழுகிறது யாரு, மாட்டக் கட்டி அவுக்குறது யாரு, தனியாக் கஞ்சி காச்சிக் குடிச்சுக்கிட்டு வீட்டப் பாத்துக்கிறது யாரு?

— ஒங்க மாமாதான் சோணை. நாங்க போயிச் சேந்த அன்னைக்கே அவுகள எறங்கி வரச் சொல்லிருவோம்.