நம் மொழி தெரியாத ஸ்பானிஷ் டீச்சருக்கு

அன்பின் உருவே! அசையாத நெஞ்சுரமே! ஐந்து வயது வாண்டுகளையும் 'அகுவா' என்று கேட்டுத் தண்ணீர் குடிக்க வைத்த ஆற்றலே! எங்கள் தொடக்கப் பள்ளியின் ஸ்பானிஷ் ஆசிரியையே! கதவைச் சாத்திக்கொண்டு இந்தப் பணி ஓய்வு வாழ்த்து மடலைப் படிக்கிறோம், பொறுத்தருள்க. பிள்ளைகள் காதில் விழுந்தால் இருபத்தேழு ஆண்டு இரகசியம் போச்சு!

பிறந்தது முதல் நம் மொழியையே பேசி வளர்ந்த தாங்கள், பிள்ளைகள் முன்னால் அதில் ஒரு சொல்லும் தெரியாதவராகவே இருந்துவிட்டீர்கள். தங்களுக்குப் புரிய வேண்டுமே என்றுதான் அவர்களும் முட்டி மோதி ஸ்பானிஷ் பேசினார்கள். எப்படி அம்மா முடிந்தது? பக்கத்து வகுப்புக் கணக்கு ஆசிரியர், என்றைக்காவது வாய் தவறாதா என்று ஒரு பருவம் முழுக்கச் சுவரில் காதை வைத்துப் பார்த்தார். அலமாரிக் கதவில் விரல் நசுங்கிய அன்றும் தாங்கள் ஸ்பானிஷில்தான் அலறினீர்களாம். "அந்தம்மாவுக்கு வலிகூட ஸ்பானிஷ்லதான்பா வருது!" என்று வந்து சொன்னவர், அன்றோடு ஒட்டுக்கேட்பதை விட்டார். விஷயத்தைக் கண்டுபிடித்த மேல் வகுப்புப் பிள்ளைகளும் சின்னவர்களிடம் மூச்சு விடவில்லை. அது ஏன் என்று இன்றுவரை எங்களுக்கு விளங்கவில்லை.

இந்த ஆண்டு முதல் வகுப்பில் சேர்ந்த ஒரு சிறுமி யாரிடமும் வாய் திறக்கவில்லை. கொஞ்சினோம், கெஞ்சினோம், ஊஹூம்! தன்னைவிடக் குறைவாகப் பேசத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று கண்டதும் அவளுக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, தங்களுக்கு நம் மொழியைக் கற்றுத்தர உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி, மழை, செருப்பு. நாள்தோறும் அவள் கேட்டாள். நாள்தோறும் தாங்கள் தப்பாகச் சொன்னீர்கள். திருத்தித் திருத்தியே அவள் வாயாடி ஆனாள்.

நேற்று ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "டீச்சர் நாளைக்கப்புறம் வர மாட்டாங்களாமே? வெளியில யாருக்கும் ஸ்பானிஷ் தெரியாதே. பசிச்சா எப்படிக் கேப்பாங்க?" என்றாள். உண்மையைச் சொன்னால் அவள் சொல்லித்தந்ததெல்லாம் வெறும் விளையாட்டாகிவிடும். சொல்லாவிட்டால் அந்தக் கவலை அவளை அரித்துக்கொண்டே இருக்கும். "யாரும் எதுவும் சொல்லாதீங்க. டீச்சரே பாத்துப்பாங்க" என்று தலைமையாசிரியை முடித்துவிட்டார்.

கலை குன்றாத தாயே! உடல் நலமும் உள்ளக் களிப்பும் குறையாது நெடுங்காலம் வாழ்க! சட்டமிட்ட இம்மடலைத் தங்கள் வீட்டிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். இங்கே வாசிக்கத் தெரிந்த வாண்டுகள் அதிகம். இப்போது கதவைத் திறக்கப் போகிறோம். வெளியே அவள் காத்திருக்கிறாள், ஒரே ஒரு கேள்வியோடு: பசித்தால் என்ன சொல்ல வேண்டும்? ஆண்டெல்லாம் அழகாகத் தோற்றீர்கள், அம்மா. இன்று மட்டும் சரியாகச் சொல்லிவிடுங்கள். குழந்தை நிம்மதியாக வீட்டுக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
தங்களைக் காட்டிக்கொடுக்காத
ஆசிரியர்களும் அலுவலர்களும்