ரெண்டு சக்கரமும் ஒரே பக்கம்

ஞாயித்துக்கிழமை காலையில எங்க ஷெட்டுக்கு நீங்க ஒரு தடவை வரணும் சார். ரேடியோ பாடிக்கிட்டிருக்கும், ஸ்டவ்ல டீ கொதிக்கும், காருக்கு அடியிலேருந்து என் தங்கச்சி வீட்டுக்காரரோட காலு ரெண்டும் வெளிய நீட்டிக்கிட்டிருக்கும். அதைவிட ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

நான் வெல்டர். மாப்பிள்ளை ஆபீஸ் உத்தியோகம். ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னு தெரியாம வந்த மனுஷன். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு துருப்பிடிச்ச காரை ரேஸ் காரா மாத்திக்கிட்டிருந்தோம். பாக்கி இருந்தது ஒண்ணே ஒண்ணு, பின்சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல உட்கார்ற லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல்ல ஒரு சக்கரம் வழுக்கினா இழுவையெல்லாம் அதுலயே வீணாப் போயிடும். இது அடுத்த சக்கரத்துக்கும் பங்கு கொடுக்கும். ஆனா வளைவுல ரெண்டையும் அதது போக்குல உருளவும் விடும்.

அவருக்கு வெளியூர் மாத்தல் வந்திருந்தது. "வண்டி முடிஞ்சதும் அதுலயே கிளம்பிடுறோம் மச்சான்"னு சிரிச்சார். தங்கச்சியும் தலையாட்டினா. அப்புறம் ஞாயித்துக்கிழமை ஷெட்டுல நான் மட்டும்தான்.

அதனால பழைய இரும்புக் கடைகள்ல கிடைச்ச நல்ல நல்ல சாமானையெல்லாம் தட்டிக் கழிச்சேன். தேஞ்சு போச்சுன்னேன், பல்லு உடைஞ்சிருக்குன்னேன், நம்ம வண்டிக்குச் சேராதுன்னேன். எல்லாமே தங்கமான சாமான். கடைசியில அவர், வேற மெக்கானிக் யாரையாவது கேட்டுப் பார்க்கட்டுமான்னு கேட்டார். வேற மெக்கானிக்காம். எனக்கும் ரோஷம் இருக்கே சார்.

ஒரு சாதாரண டிஃபரன்ஷியலைத் தேடிப் பிடிச்சேன். உள்ளே இருக்கிற பல்சக்கரங்களை ஒண்ணோட ஒண்ணு சேர்த்து வெல்டு வச்சேன். அதுக்கப்புறம் வளைவுலகூட ரெண்டு சக்கரமும் பூட்டின மாதிரி ஒண்ணாத்தான் சுத்தும். நீங்கதான் திறந்து பார்த்தீங்களே, வெல்டு எவ்வளவு சுத்தமா இருந்தது பாருங்க. மாப்பிள்ளைக்கு ஒரு சின்ன ஆச்சரியம், லிமிடெட் ஸ்லிப்னு சொல்லி நீங்களே அவருக்குக் கொடுங்கன்னு இரும்புக் கடைக்காரர்கிட்ட வச்சேன். பாவம், அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியாது.

மாப்பிள்ளை வீடியோ பார்த்து ஒரே ஒரு சோதனைதான் கத்து வச்சிருந்தார். ஒரு பக்கத்தைச் சுத்தினா மறுபக்கமும் அதே திசையில சுத்தணும். சுத்தினார். சுத்திச்சு. சின்னப் பிள்ளை மாதிரி என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். இன்னொரு சோதனையும் இருக்கு சார், ஒரு பக்கத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு மறுபக்கத்தை முழு பலத்தோட திருப்பணும். அசல்னா முரண்டு பிடிச்சுட்டு வழி விடும், வெல்டு வச்சது அசையவே அசையாது. அதை நான் சொல்லலை. அவரும் கேக்கலை.

ஓட்டிப் பார்த்தப்போ திருப்பத்துல டயர் கத்திச்சு, வண்டி குதிச்சுது. "இது என்ன மச்சான் இப்படி முனகுது?"ன்னார். "லிமிடெட் ஸ்லிப்னா அப்படித்தான் மாப்ளே, பழகிடும்"னேன். நம்பிட்டார். என் பேச்சை அவர் தட்டினதே இல்லை.

முதல் மழை பேஞ்ச அன்னிக்கு, மலைப்பாதையில ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க, ஈரத்துலதான் இதோட அருமை தெரியும்னு அனுப்பி வச்சதும் நான்தான். முதல் கொண்டை ஊசி வளைவுலயே, பூட்டின சக்கரம் ரெண்டும் வண்டியைத் திரும்ப விடாம நேரா பள்ளத்துக்குத் தள்ளிடிச்சு. இடுப்புக்குக் கீழே அவருக்கு இனிமே உணர்ச்சி வராதுன்னு டாக்டர் சொன்னப்போ நான் அழுதது நிஜம் சார், நடிப்பில்லை.

ஆனா மாத்தல் ரத்தாயிடிச்சு. தங்கச்சி எங்க வீட்டோடயே இருக்கா. ஞாயித்துக்கிழமை ஆனா நான்தான் சக்கர நாற்காலியைத் தள்ளி அவரை ஷெட்டுக்குக் கூட்டிட்டு வர்றேன். அதே ரேடியோ, அதே டீ. கையாலயே ஓட்டுற மாதிரி ஒரு கார் கட்டிக்கிட்டிருக்கோம். "இந்தத் தடவையும் டிஃபரன்ஷியல் நீங்களே பார்த்து எடுங்க மச்சான், உங்க கண்ணுதான் எனக்கு நம்பிக்கை"ன்னு போன வாரம் சொன்னார். எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு.

வாக்குமூலத்துல கையெழுத்து எங்கே போடணும்னு காட்டுங்க சார். கொஞ்சம் சீக்கிரம் முடிச்சா தேவலை. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, நான் போகலைன்னா அவரைப் பார்த்துக்க யாரு இருக்கா?