கல்குடா மணலில் ஐந்து விரல்

இரவு ஒன்றரை மணி. கல்குடாவில் கடலுக்கு இறங்கும் பழைய றோட்டு... இடிந்த சுவர்களைத் தாண்டினால் ஒரு வீட்டு வெளிச்சம்கூடக் கிடையாது. அந்த றோட்டில் தினமும் ஒருவர் தனியாகப் போவார். கையில் ஒரு பை. பைக்குள் பொரித்த மீன். அவர் போன பிறகும் அந்த மணம் கொஞ்ச நேரம் நிற்கும்.

என் கூட்டாளி றஜீவனின் மாமா அவர். கந்தப்போடி. இடக்கைச் சுண்டுவிரலில் பாதி இல்லை, சின்ன வயதில் வலைக்கயிறு அறுத்தது. சுனாமி அன்று அந்தக் கையால்தான் மனைவி சீதேவிப்பிள்ளையைப் பிடித்திருந்தார். கை வழுக்கிவிட்டது. உடலும் கிடைக்கவில்லை. இருபது வருடமாக இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி, ஒன்றை மட்டும் குடிக்கிற மனுசன். பாவம்.

ஒரு நாள் இரவு இடுப்பளவு தண்ணீரில் நண்டு தேடி டோர்ச் அடித்தார். மணலுக்கு வெளியே ஐந்து விரல். மெல்ல அசைந்தன... கூப்பிடுவதைப் போல.

சிரிக்க வேண்டாம். றஜீவனும் முதலில் சிரித்தவன்தான். கடலட்டை பிடிக்க முழுகுகிறவன், மாமா கூட்டிப்போய்க் காட்டியதுமே அவனுக்கு விளங்கிவிட்டது.

“மாமா, அது புழு. ஆள் நீளத்துக்கு மண்ணுக்குள்ள கிடக்கும். வெளிய தெரியிற அஞ்சும் அதுட மீசை. மீன் முட்டினா விடாது. கைய மட்டும் வெச்சிராதீங்க.”

நம்பட்டும் என்று ஒரு மீனைக் கம்பில் கட்டி நீட்டினான். பட்டதுதான்... டக்! மணல் கலங்கியது. தெளிந்தபோது கம்பில் அரை மீன்தான் இருந்தது.

மாமா அந்த அரை மீனைத் தடவிப் பார்த்தார்.

“அவளுக்குப் பசிச்சிருக்கும் மனே. இருபது வருசமாச்சே.”

அன்று தொடங்கியதுதான் அந்த நடை. றஜீவன் மறித்தான், சண்டை பிடித்தான், அழுதும் பார்த்தான். கடைசியில் கேற்றைப் பூட்டினான். அந்த இரவே மதில் ஏறிப் போய்விட்டார்.

விடியக் கரையில் செருப்பு இருந்தது. பையும் இருந்தது... மீன் தொடாமல் அப்படியே. மூன்று நாள் முழுகித் தேடினார்கள். ஒன்றுமில்லை.

நாலாம் இரவு றஜீவன் தனியாக இறங்கினான். டோர்ச்சைத் தண்ணீருக்குள் பிடித்தான். அதே இடத்தில் அந்த ஐந்தும் அசைந்துகொண்டிருந்தன.

பக்கத்தில்... அவற்றைத் தொட்டுக்கொண்டு, புதிதாக இன்னொரு ஐந்து.

அதில் ஓரத்தில் இருந்தது பாதிதான்.